மேலேன் பள்ளிக்கூடத்துக்கு ஊசி வந்தபோது

என் கணவர் ம்பீதா தூங்கித் தூங்கியே செத்துப்போனார். முதலில் தலைவலி என்றார். அப்புறம் தொட்டதற்கெல்லாம் கோபம். ஒருநாள் வாழைக்காயை வாயில் வைத்தவர் மெல்லுவதை மறந்து அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். எழுப்பினால் விழிப்பார், ஒரு வாய் மெல்லுவார், மறுபடி கண் சொருகிக்கொள்ளும். கடைசி மாதங்களில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். நியோங் ஆற்றங்கரையில் எங்கள் மேலேன் ஊரில் அப்போது இப்படி ஒரு சாவு காணாத வீடு இல்லை. ஆற்றோரத்து ஈ கடித்து வருகிற நோய் அது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அன்றைக்குச் சூனியம் என்றே நினைத்தோம். யார் வைத்தது என்று ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுப் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் உண்டு.

வெள்ளைக்காரர்களின் மருந்தும் வந்தது. வேட்டைக்கார ன்கோலோ துணிந்து அந்த ஊசியைப் போட்டுக்கொண்டான். நோய் போயிற்று, கூடவே அவனுடைய இரண்டு கண்ணும் போயிற்று. அதோடு முதுகெலும்புக்குள் நீள ஊசியைச் செருகி நீர் எடுத்தார்கள். அந்த நீரைக் கொண்டுபோய் என்ன செய்கிறார்கள் என்பதற்கு எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கதை இருந்தது. அடுத்த முறை ஊசிக்கூட்டம் வருகிறது என்று முரசு சொன்னதும் ஊரே காட்டுக்குள் போய்விட்டது. வந்தவர்களை வரவேற்கக் கோழிகள்தான் இருந்தன. அதற்காக எங்கள் பகுதியை ஆண்ட பிரெஞ்சு துரை எங்கள் தலைவர் ஓவோனாவைச் சிறையில் போட்டார். வெளியே வந்த ஓவோனா, இனி ஊசி வந்தால் உங்களுக்கு முன்னால் நான் ஓடுவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

பள்ளிக்கூடம் அதற்கு முன்பே வந்துவிட்டது. அபேகா வாத்தியார் ஆற்றுக்கு அக்கரையைச் சேர்ந்தவர், எங்கள் மொழிக்காரர். பட்டணத்தில் படித்து அரசாங்கத்து வேலைக்கு வந்தவர். ஒல்லியான மனிதர். இருந்த ஒரே ஜோடிச் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்து, பள்ளிக்கூட வாசலில்தான் மாட்டிக்கொள்வார். பனையோலை வேய்ந்து, மரக்கட்டைகளைப் பெஞ்சாகப் போட்டு, பிள்ளைகள் கேட்டு வீடு வீடாக வந்தார். யாரும் கொடுக்கவில்லை. கடைசியில் நான் கடலைச் செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்த இடத்துக்கே வந்துவிட்டார். என் மகள் மெங்கேயைக் கேட்டார்.

"பிள்ளைங்கள வரிசையா நிக்க வப்பாங்க. ஒருநாள் அப்படியே கயித்துல கட்டி ஓட்டிக்கிட்டுப் போவாங்க. எங்க அண்ணனை ரயில் ரோடு போட அப்படித்தான் கொண்டு போனாங்க. இன்னும் திரும்பல," என்றேன்.

"என் பள்ளிக்கூடத்துல உங்களுக்குத் தெரியாம உங்க பிள்ளை மேல யாரும் கை வைக்க முடியாது அக்கா. இது என் வாக்கு."

"நீங்க அடிப்பீங்களா?"

"படிக்கலன்னா அடிப்பேன்."

அந்தப் பதில்தான் எனக்குப் பிடித்தது. மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். மெங்கே போனாள். அவளைப் பார்த்து நங்காவின் மகனும் போனான். நங்கா அந்தக் கண்ணிழந்த வேட்டைக்காரனின் மனைவி. எங்கள் ஊரிலேயே அவளுக்குத்தான் நாக்கு நீளம். பிறகு ஒவ்வொன்றாகப் பெஞ்சுகள் நிறைந்தன. மெங்கே அடுப்புக்கரியால் வீட்டுச் சுவரெல்லாம் எழுத்து எழுதினாள். கறுப்பாக்குகிறாளே என்று திட்டினேனே தவிர அழிக்க மனம் வரவில்லை.

ஊர் காட்டுக்குள் ஓடிய மறு வருஷம், துரை வாத்தியாரைத் தன் அலுவலகத்துக்கு வரச்சொன்னார். அது எங்கள் ஊரிலிருந்து அரைநாள் நடை. போனவர் திரும்பி வந்த பிறகு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை என்று அவர் மனைவி கிணற்றடியில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாங்கள் ஓடையில் ஊறப்போட்ட மரவள்ளியைத் தோலுரித்துக்கொண்டிருந்தோம். அது பெண்கள் இடம், ஆண்கள் வரமாட்டார்கள். வாத்தியார் வந்து நின்றார்.

"வழி தவறிட்டீங்களா வாத்தியாரே? ஆம்பளைங்க குளிக்கிற துறை மேல இருக்கு," என்றாள் நங்கா. எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சப்பாத்தோடு ஈரத்தில் நின்றார்.

நாளைக்கு ஊசிக்கூட்டம் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது என்றார். ஊருக்கு வந்தால் ஓடிவிடுகிறீர்கள் என்பதால் துரை இந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறார். பிள்ளைகளுக்கு உப்பும் மீன் டப்பாவும் கொடுக்கப்போவதாகச் சொல்லி எல்லோரையும் வரவழைக்க வேண்டும். வந்ததும் காவலர்கள் சுற்றி நின்றுகொள்வார்கள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அவருக்கு உத்தரவு.

"சொல்லக்கூடாதுன்னாங்க. சொல்லிட்டேன்," என்றார். "இப்ப நான் ஒண்ணு கேக்கிறேன். ஓடாதீங்க. பிள்ளைங்களோட நீங்களும் வாங்க. பக்கத்துல உக்காருங்க. இந்த நோய் ஓடினா விடாது. என் மச்சான் ஓடித்தான் செத்தான்."

நங்காதான் முதலில் கேட்டாள்.

"எங்கள உள்ள விடுவாங்களா?"

"கதவு என் கையில."

"கதவு சர்க்காரோடது. உங்க கையில இருக்கிறது பிரம்பு மட்டும்தான் வாத்தியாரே."

அவர் குனிந்து, யாருடைய கூடையிலிருந்தோ ஓடையில் நழுவிய ஒரு கிழங்கை எடுத்துக் கரையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலையே சில வீடுகள் பிள்ளைகளோடு காட்டுக்குப் போய்விட்டன. நானும் கூடையில் பாத்திரங்களை எடுத்து வைத்தேன். மெங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னடி என்றேன். தலை வலிக்கிறது என்றாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. பாத்திரங்களைத் திரும்ப எடுத்து அடுக்கினேன்.

மறுநாள் வெயில் ஏறும் முன்பே நாங்கள் போய்ப் பெஞ்சுகளில் உட்கார்ந்துவிட்டோம். தாய்மார் பாதி, பிள்ளைகள் பாதி. கைக்குழந்தைகளும் இருந்தன. நங்கா தன் மகனோடு முன் பெஞ்சில், வழக்கமாக அவன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். சிவப்புத் தொப்பிக் காவலர்கள் முதலில் வந்தார்கள். பிறகு டாக்டர் வெர்னே. வயதானவர் இல்லை, ஆனால் காய்ச்சலில் அடிபட்ட மஞ்சள் முகம். அவரோடு நுண்ணோக்கிப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஏகம்பி என்கிற துவாலாப் பட்டணத்துக்காரன். அந்தக் கடற்கரை ஊரிலேயே வைத்தியம் படித்தவன், எங்கள் மொழியும் கொஞ்சம் பேசுவான்.

டாக்டர் எங்களைப் பார்த்ததும் வாத்தியாரிடம் கத்தினார். பிள்ளைகளைக் கேட்டால் சந்தையைக் கூட்டி வைத்திருக்கிறாயே என்றாராம். பின்னால் மெங்கே எனக்குச் சொன்னாள். ஒரு காவலன் நங்காவின் தோளைப் பிடித்து எழுப்பப் பார்த்தான். வாத்தியார் இடையில் வந்து நின்றார். பிள்ளைகளின் தாய்மார் இல்லாமல் இந்த அறையில் எதுவும் நடக்காது, அப்படி வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று பிரெஞ்சில் ஒருமுறையும் எங்கள் மொழியில் ஒருமுறையும் சொன்னார்.

காவலன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வேலை நடந்தால் சரி என்று நினைத்தாரோ என்னவோ, கையசைத்துக் காவலனை வெளியே போகச்சொன்னார்.

அப்போதுதான் நங்கா எழுந்தாள்.

"நான் ஒரு கேள்வி கேக்கணும். மாத்தாம, தேன் தடவாம அவருக்குச் சொல்லுங்க. என் புருஷன் கண்ணை நீங்கதான் எடுத்தீங்களா?"

வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்க்கிறவர்கள் எப்படிச் செய்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். நாம் வைதால் வணக்கம் என்பார்கள். வாத்தியார் அப்படிச் செய்யவில்லை. கேட்ட மாத்திரத்திலேயே டாக்டரின் முகம் மாறியதிலிருந்து அது தெரிந்தது. அவர் எந்த ஊர், எந்த வருஷம், எத்தனை ஊசி போட்டார்கள் என்று விசாரித்தார். நங்கா சொன்னாள். அவர் ஏகம்பியிடம் ஏதோ பேசிவிட்டு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

வாத்தியார் எங்களுக்குச் சொன்னார்: "ஊசி போட்டது அவர் இல்லையாம். ஆனா மருந்துதான் கண்ணை எடுத்துச்சாம். அளவு அதிகம். இப்ப குறைச்சிருக்காங்க. இருந்தாலும் ஆபத்து சுத்தமா இல்லன்னு சொல்ல முடியாதாம். மங்கலாத் தெரியுதுன்னு பிள்ளை சொன்ன அன்னைக்கே நிறுத்திடுவேங்கிறார்."

நங்கா உட்கார்ந்தாள். "என் புருஷன் அப்பவே சொன்னான், மங்கலாத் தெரியுதுன்னு. யாரும் கேக்கல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு தன் மகனை முன்னால் தள்ளினாள். முதல் ஆள் அவன்தான்.

டாக்டர் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்தையும் தடவிப் பார்த்தார். நங்காவின் மகனுக்கு ஒன்றுமில்லை. மெங்கேயின் கழுத்தில் அவர் விரல் நின்றுவிட்டது. மொச்சைக்கொட்டை அளவில் ஒரு வீக்கம். தினமும் தலைவாரிவிடுகிற என் கைக்கு அது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தேன். வீங்கிய இடத்தில் ஊசியால் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்தார்கள். ஏகம்பி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தான். பிறகு டாக்டரிடம் தலையசைத்தான்.

நானும் பார்க்க வேண்டும் என்றேன். வாத்தியார் கேட்டுச் சொன்னார். ஏகம்பி நகர்ந்து இடம் விட்டான். முதலில் வெறும் வெளிச்சம்தான். இன்னும் கொஞ்சம் தலையைத் தாழ்த்தச் சொன்னான். அப்புறம் தெரிந்தது. சின்னச் சின்ன வட்டங்களுக்கு நடுவே நூல் மாதிரி ஒன்று, ஆற்றில் மீன்குஞ்சு துள்ளுவதுபோலத் துள்ளியது. மேலும் ஒன்று.

"தூங்கித் தூங்கியே செத்தாரே என் புருஷன், அவரைக் கொன்னது இதுவா?" என்று கேட்டேன்.

"இதேதான் அக்கா," என்றான் ஏகம்பி.

ம்பீதாவுக்குச் சூனியம் வைத்தது அவள்தான் என்று நான் பேச்சை நிறுத்தியிருந்த என் ஓரகத்தி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து, நீயும் பார் என்று குனியவைத்தேன். எனக்கு வேறு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியவில்லை.

நோய் இரத்தத்தோடு நிற்கிறதா, மூளைவரை போய்விட்டதா என்று தெரிய முதுகில் நீர் எடுக்க வேண்டும் என்றார்கள். முன்பெல்லாம் காவலர்கள் தலைப்பக்கம் ஒருவன், கால்பக்கம் ஒருவனாக அழுத்திக்கொள்வார்கள். இம்முறை பெஞ்சில் நான் உட்கார்ந்தேன். மெங்கே என் மடியில் முகம் புதைத்து, நண்டுபோல வளைந்து படுத்தாள். வாத்தியார் எதிரே மண்டியிட்டு, பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைச் சொல் என்றார். அவள் சொன்னாள். நடுவில் ஊசி இறங்கியபோது அவள் பல் என் தொடையில் பதிந்தது. ஒரு வரி தவறிப்போயிற்று. வாத்தியார் அதைத் திருத்தினார். அவள் திருத்திச் சொன்னாள். அவருடைய கன்னமெல்லாம் நனைந்திருந்தது.

கடைசியில் நோய் உள்ளவர்களின் நெஞ்சில் அடையாளத்துக்கு மையால் ஒரு பிரெஞ்சு எழுத்து எழுதினார்கள். மெங்கே குனிந்து தலைகீழாக அதைப் பார்த்து, "இது 'தே'. எனக்கு இதைவிட நல்லா எழுதத் தெரியும்," என்றாள். வாத்தியார் மொழிபெயர்க்கவில்லை, ஆனால் அவள் அதைப் பிரெஞ்சிலேயே சொல்லியிருந்தாள். டாக்டர் தூரிகையை ஏகம்பியிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். கொஞ்சநேரம் அவர் உள்ளே வரவில்லை.

மறுவாரம் காவலர்கள் வந்து வாத்தியாரைக் கொண்டுபோனார்கள். துரையின் உத்தரவை ஊருக்குச் சொன்ன குற்றம். விசாரணை எதுவும் கிடையாது, எங்கள் மாதிரி ஆட்களுக்குத் துரையின் வாய்தான் சட்டம். பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்தது. வாத்தியாரின் மனைவி கர்ப்பிணி. அவளுக்கு முறைபோட்டு விறகும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

நோயுள்ள பிள்ளைகள் வாரத்துக்கு ஒருமுறை துரையின் ஊருக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். விடியலில் கிளம்பி நடப்போம். முதல் வாரம் அந்த ஊர் எல்லையில் புதுச்சாலைக்குக் கல்லுடைக்கும் கைதிகளைப் பார்த்தோம். அவர்களில் வாத்தியார் இருந்தார். வெறுங்கால். மெங்கேதான் முதலில் கண்டாள். கல்லுடைக்கிறவர்கள் நடுவே ஓடிப்போய் நின்று, பள்ளிக்கூடத்தில் வணங்குவதுபோலக் கைகட்டி வணங்கினாள். அவர் தலையை நிமிர்த்தாமல், வாய்ப்பாட்டில் எதுவரை வந்திருக்கிறாய் என்று கேட்டாராம். அடுத்த வாரத்திலிருந்து இலையில் சுற்றி அவித்த மரவள்ளியும் கடலைத் துவையலும் கொண்டுபோனோம். காவலனுக்கும் ஒரு பொட்டலம். அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிடுவான்.

தண்டனைக்காலம் முடிந்தது. மறுநாளே வேறொரு காரணம் சொல்லி மறுபடி உள்ளே போட்டார்கள். அந்தச் செய்தி கேட்ட வாரம் நங்கா எங்களோடு வந்தாள். அவள் மகனுக்கு நோயில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை.

"ஊசி போட்டுக்க வேணாம்," என்றாள் அவள் வழியில். "அந்த டாக்டருக்கு ஆள் வேணும். நாம கையை நீட்டலன்னா அவர் போய்த் துரைகிட்ட பேசுவார்."

அவள் சொன்னது நியாயம். ஆனால் என் மகளின் கை அது. கல்லுடைக்கும் இடத்தில் இந்தப் பேச்சு வாத்தியாரின் காதில் விழுந்தது. அவர் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சீறினார். அவ்வளவு கோபமாக அவரை நாங்கள் பார்த்ததே இல்லை.

"இதுக்காகவா நான் இங்க கிடக்கிறேன்? ஒரு ஊசி தப்பினாலும் இவ்வளவு நாள் போட்டது வீண். பிள்ளை உயிரை வச்சு எனக்காகப் பேரம் பேசாதீங்க. முதல்ல போய் ஊசி போடுங்க."

நங்கா எதிர்த்துப் பேசாமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். போய்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டோம். எல்லோருக்கும் முடிந்ததும் கிளம்ப எழுந்தோம். நங்கா மட்டும் ஆஸ்பத்திரி வாசலில் கால்நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"ஊசி போட்டாச்சில்ல? இப்ப உக்காரலாம்ல?" என்றாள்.

நாங்களும் உட்கார்ந்தோம். அங்கேயே அடுப்பு மூட்டினோம். பிள்ளைகள் துரையின் பூச்செடிகளுக்கு நடுவே விளையாடின. மறுநாள் மற்ற ஊர்ப் பெண்கள் ஊசிக்கு வந்தார்கள். விஷயம் கேட்டு அவர்களும் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். காவலர்கள் விரட்டிப் பார்த்தார்கள். எழுந்து நாலடி தள்ளி உட்கார்ந்தோம். துரை எதிரே தன் வீட்டு வராந்தாவில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். அடிக்கச் சொல்லியிருப்பார், ஊசிக்குப் பிறகு பிள்ளைகளின் நெஞ்சில் புதிதாக இட்ட மையும் எங்கள் கையில் இருந்த குழந்தைகளும்தான் தடுத்தன என்று நினைக்கிறேன். டாக்டர் இரண்டு முறை துரையின் வீட்டுக்குப் போய்வந்தார். இரண்டாம் முறை உள்ளேயிருந்து இருவரும் கத்துவது வாசல்வரை கேட்டது.

வாத்தியாரை விட்டார்கள். ஆனால் இனி எந்த அரசாங்கப் பள்ளிக்கூடத்திலும் அவர் பாடம் நடத்தக்கூடாது என்று துரை சொல்லிவிட்டார். அதில் டாக்டராலும் ஒன்றும் செய்யமுடியவில்லை. அந்தச் செய்தியை வாத்தியாரே எங்களுக்குச் சொன்னார். சொல்லும்போது சுண்ணாம்புக்கட்டி பிடித்துப் பிடித்துக் காய்த்த விரலை மற்றொரு கையால் தடவிக்கொண்டே இருந்தார். டாக்டர் அவரைத் தன்னோடு வேலைக்கு வரச்சொன்னார், ஊர்களுக்கு முன்னால் போய்ப் பேசுகிற வேலை. யாரையும் கட்டக்கூடாது, தாய் பக்கத்தில் இருக்க வேண்டும், கேட்கிற கேள்விக்கு உள்ளதைச் சொல்ல வேண்டும், சம்மதமா என்று வாத்தியார் கேட்டாராம். டாக்டர் ஒப்புக்கொண்டார். எல்லா ஊரிலும் அது நடந்தது என்று சொல்லமாட்டேன். வாத்தியார் இருந்த இடங்களில் நடந்தது. ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களில் பெண்கள் அவரை 'கதவுக்கார வாத்தியார்' என்று கூப்பிட்டார்களாம்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வேறு ஒருவர் வந்தார். நன்றாகப் பிரெஞ்சு பேசுவார். காரணமில்லாமலும் அடிப்பார். சிலர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். மெங்கே விடாமல் போனாள். அபேகா வாத்தியாரின் மனைவி அவளை மாலையில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, கணவர் எழுதி வைத்துவிட்டுப் போகிற கணக்குகளைப் போடச்சொல்வாள். அவளுக்கே கணக்குத் தெரியாது. விடை சரியா தப்பா என்று அவர் ஊருக்கு வருகிறவரை இரண்டு பேரும் காத்திருப்பார்கள்.

மழைக்காலம் முடிந்த பிறகு டாக்டர் மெங்கேக்கு மறுபடி முதுகில் நீர் எடுத்துப் பார்த்தார். ஏகம்பி நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து, ஒன்றும் இல்லை என்றான். நான் நம்பவில்லை. நானே குனிந்து பார்த்தேன். வெறும் வெளிச்சம்தான். டாக்டர் ஏதோ சொன்னார். மெங்கே அதை எனக்கு மாற்றிச் சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. என் துணியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டேன். பிறகு, இனி வரவேண்டாமாம் அம்மா, என்றாள்.